பெடலை விட்ட கைகள்

உடுப்பிட்டியில் எங்கள் வெங்காயக் கொட்டிலில், தாளோடு கட்டிய வெங்காயப் பிடிகளைக் காயப்போடக் கூரை வளை மரத்துக்குத் தூக்க மகள் ஒரு பொறி செய்திருக்கிறாள். பொறியியல் படித்து முடித்து மூன்று மாதம்தான். மோட்டார், பழைய வான் வண்டி ஒன்றின் கண்ணாடி துடைக்கும் வைப்பரில் கழற்றியது. முதல்நாள் கயிறு அறுந்து வெங்காயம் சிதறியபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. நிலத்தில் குந்தியிருந்து பற்சக்கரத்தை மாற்றினாள்.

"பாரம் கூடினாலும் வேகம் குறையாதப்பா. அதுவே அறிஞ்சு பலத்தைக் கூட்டும்," என்று பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பிடிகள் நிலத்தை விட்டதும் மோட்டாரின் குரல் ஒரு கணம் தளர்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

அந்தத் தளர்வு எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அம்மா கையால் பெடலைச் சுற்றுவார்; டைனமோவில் றேடியோ பேசும். செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்தால், அடுத்த சொல்லுக்குள் கையை விரைவாக்கிச் சரிசெய்துவிடுவார்.

கடற்படை சுடும் நீரேரியை என் அப்பா வள்ளத்தில் கடந்த அன்று, மாலைச் செய்திக்கு முற்றம் நிறைய அயலவர். வள்ளங்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தன என்று கேட்டதும் அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். றேடியோ நின்றுவிட்டது.

"ஐயோ, சுத்துங்கோ அக்கா! மிச்சச் செய்தி!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

"அப்பா, மேலை பாருங்கோ!" கொட்டிலில் மகள் கூவினாள்.

முழுப் பாரமும் வேகம் மாறாமல் வளையை நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் சந்தோஷத்தில் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பொத்தானை அழுத்த ஆளில்லை. வெங்காயம் அந்தரத்தில் நின்றது.

"சுத்துங்கோ அக்கா," என்றேன், என்னை அறியாமலே.

மகள் கைகளை எடுத்தாள். "என்னப்பா?"