மிதித்து எடுத்த படம்

காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். இப்போது காகிதத்தைக் காலால் மிதித்துப் படம் எடுக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் தொழில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சங்கரன்கோவிலில் நான் ஏணி போடாத தெரு குறைவு. படம் போடுவேன் என்று வெளியில் சொன்னதில்லை. சுவருக்கு அடிக்கிறவனுக்குக் காகிதத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள்.

மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் அட்டையில் பசை தடவி அதில் துணி, நூல், மணல் எல்லாம் ஒட்டுகிறார். காய்ந்ததும் மை தடவுகிறார். துடைக்கிறார். பள்ளத்தில் மட்டும் மை நிற்கிறது. மேலே ஈரக் காகிதத்தைப் போட்டு இரும்பு உருளைக்கு நடுவில் விட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறார். அந்தப் பக்கம் வந்த காகிதத்தைத் தூக்கினால் ஒவ்வொரு நூலும் பதிந்திருக்கிறது. அவர் பேசியது புரியவில்லை. கை செய்தது புரிந்தது.

என்னிடம் சுவரைச் சமப்படுத்தப் பூசும் வால் புட்டி இருந்தது. ப்ளைவுட் துண்டில் அதை இரண்டு பூச்சுப் பூசினேன். ஈரம் காய்வதற்குள் ஆணியால் கீறினேன். பக்கத்துத் தறிக்கூடத்தில் கழித்துப் போட்ட நூலை வாங்கிவந்து அழுத்தினேன். காய்ந்ததும் வார்னிஷ் அடித்தேன். மைக்கு எனாமல் பெயிண்டில் சாக் பவுடரைக் குழைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாக வந்தது. உருளைதான் இல்லை.

கரண்டியின் முதுகால் தேய்த்தேன். பெயிண்ட் ரோலரால் உருட்டினேன். அம்மிக் குழவியை வைத்து உருட்டியதில் காகிதம் கிழிந்தது. எதிலும் அழுத்தம் போதவில்லை. கடைசியில் காகிதத்தின் மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். காலைக் கழுவிவிட்டு ஏறி நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அங்குலம் அங்குலமாக மிதித்தேன்.

தூக்கிப் பார்த்தால் ஆணிக் கீறல்கூட வந்திருந்தது.

அதன் பிறகு பல விதமாகச் செய்து பார்த்தேன். பதிந்த படத்தின் மேல் மஞ்சள் தண்ணீர் தீட்டி, அதன் மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் அந்த இடம் மட்டும் சிவக்கும். துணிக்குப் போடும் நீலத்தை விட்டால் மை இருக்கும் இடத்தில் ஒட்டாமல் விலகி ஓடும். செம்மண்ணைச் சலித்துப் புட்டியில் கலந்தால் படம் சொரசொரப்பாக வரும். பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது.

ஒன்று நன்றாக வந்தது. என் மனைவி குழாயடியில் இருந்து தண்ணீர் தூக்கி வருவதைச் செய்திருந்தேன். தலையில் சும்மாடு, அதன் மேல் குடம். சேலைக்கு நூல். பின்னால் மஞ்சளும் சிவப்பும். அதை வீடுகளுக்குப் பொதுவான வளவில் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.

எங்கள் வளவில் அடுத்த வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். தறி ஓட்டியவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் சரியாக இல்லை. அக்காதான் எல்லாம் பார்க்கிறார்.

அக்கா துணி எடுக்க வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏ தம்பி, நம்ம கோயில் கோமதி அம்மன்லா இது. நீயா போட்ட?"

"ஆமாக்கா."

"கிரீடம்லாம் எவ்வளவு அம்சமா வந்துருக்கு. இத எனக்குத் தா. அவிய கண்ணு முன்னால மாட்டுதேன்."

அது கிரீடம் இல்லை, குடம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் படத்தை ஒரு ஆள் கேட்டது அதுதான் முதல் தடவை. கிளிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

மனைவி அடுப்படி ஜன்னலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். உள்ளே போனதும் சொன்னாள்: "ஏங்க, நாளையில இருந்து குழாயடிக்கு நீங்க போங்க. அம்மன் தண்ணி தூக்கப்படாதுல்லா."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அதற்குக் கண்ணாடி இல்லாமல் சட்டம் மட்டும் போட்டு அண்ணாச்சி கட்டிலுக்கு எதிரே மாட்டினார். பூ வைத்தார். விளக்கு ஏற்றினார். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கைகால் பயிற்சிக்கு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அண்ணாச்சி வலது கையை நெஞ்சுவரை தூக்கினார். பயிற்சி கொடுத்தவர் சந்தோஷப்பட்டார். அக்கா படத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மன் வந்த நேரம்" என்று குழாயடியில் சொன்னார். "நம்ம தம்பி கையால வந்த அம்மன்."

நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நாள் கூப்பிட்டு விட்டதால் போக வேண்டியதாயிற்று. படத்தில் முகத்துக்கு மேல் குங்குமம் வைத்திருந்தார். முகம் நன்றாகப் பதிய வேண்டும் என்று நான் குதிகாலை அதிகமாகத் திருகிய இடம் அது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கையை மெதுவாகத் தூக்கினார். காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். நாக்கு வெந்தது.

வாசலில் அக்கா சொன்னார்: "சிவகிரில மக வீட்டுக்கும் ஒண்ணு வேணும் தம்பி. ஆடித்தபசு திருவிழாவுக்கு வாரா. குடுத்து விடணும்."

சரி என்றேன்.

இந்தத் தடவை படத்தில் கால் படக்கூடாது என்று நினைத்தேன். கரண்டியால் திரும்பத் தேய்த்தேன். முழங்கை வலித்தது. படம் புகை மாதிரி வந்தது. பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்துப் பார்த்தேன். டப்பா அடியின் வட்டம் வட்டமாகப் பதிந்தது. அக்கா மகள் வருகிற நாள் நெருங்கிவிட்டது. காலைக் கழுவினேன். போர்வையைப் போட்டேன். ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அக்கா புதுப் படத்துக்கு வைக்கப் பூவோடு வந்தார்.

"என்னடே தம்பி பண்ணுத?"

"படம் எடுக்கேன்க்கா."

"எது மேல நிக்க?"

நான் இறங்கினேன். போர்வையில் குதிகால் பட்ட குழிகள் அப்படியே இருந்தன. காகிதத்தை அதிக நேரம் விட்டால் பலகையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் பார்க்கும்போதே போர்வையை விலக்கிக் காகிதத்தை உரித்தேன். முதல் படத்தைவிட நன்றாக வந்திருந்தது. சேலை மடிப்பில் ஒரு நூல் தப்பவில்லை.

"வீட்டுல இருக்கதும் இப்படித்தானா?"

"ஆமாக்கா."

"செருப்போடயா?"

"இல்லக்கா. கால் கழுவிட்டுத்தான்."

"கழுவிட்டு" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் படத்தை ஒரு புது வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தார். முகத்தில் இருந்த குங்குமத்தைத் துடைத்திருந்தார். துடைத்த இடம் ரோஸ் நிறமாக இருந்தது.

"தூரப் போட மனசு வரல. வச்சுக்கிடவும் முடியல. நேத்தே கழட்டிட்டேன். அவிய வெறும் ஆணியவே பாத்துட்டுக் கெடக்காவ. பயிற்சிக்கு வந்தவரு சொன்னாலும் கைய தூக்க மாட்டேங்காவ."

அவர் திட்டியிருந்தால் நின்று வாங்கியிருப்பேன். திட்டவில்லை. அதனால் பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டி மற்றதையும் சொன்னேன்.

"அக்கா, அது அம்மன் இல்ல. இவதான். தலையில இருக்கது குடம்."

அக்கா என் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இவளயா மிதிச்ச?"

"எனக்கு வலிக்கலக்கா" என்றாள் மனைவி.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மனிதர் கையைத் தூக்காமல் கிடப்பதற்கு நான் காரணம் ஆகிவிட்டேன்.

அன்று வேலைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு வந்து பலகைக்கு மை போட்டேன். காகிதம், போர்வை. அதன் மேல் குப்புறப் படுத்தேன். நெஞ்சை வைத்து அழுத்தினேன். முன்னங்கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து பாரத்தை மாற்றினேன். காலைப் பின்னால் மடித்துத் தூக்கிக்கொண்டேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "சாமிக்கு விழுதீகளா, எனக்கா?"

"சும்மா இரு."

நடுவில் நன்றாகப் பதிந்தது. ஓரமெல்லாம் மங்கல். முகம் பாதிதான் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் தீட்டிச் சரிக்கட்டினேன். சரியாகவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

"கால் பட்டுச்சா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. நெஞ்ச வச்சு அழுத்துனேன்."

நம்பினார். பழைய ஆணியிலேயே மாட்டினார். அண்ணாச்சி வெகு நேரம் பார்த்தார். கையைத் தூக்கவில்லை. வாயைக் கோணி ஒரு சொல் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது.

"பழசக் கேக்காவ."

"அக்கா..."

"போய் எடுத்துட்டு வா."

வேட்டித் துணியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய ஆணியில் நெஞ்சால் எடுத்ததே இருந்தது; அக்கா இதை அங்கே மாட்டவில்லை. கொஞ்சம் தள்ளி, ஜன்னலுக்குக் கீழே வேறு ஆணி அடிக்கச் சொன்னார். அடித்தேன். பூ வைக்கவில்லை. விளக்கும் இல்லை. அண்ணாச்சி தலையைத் திருப்பிப் பார்த்தார். கை நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் வந்தது.

"அம்மனா வேண்டாம்" என்றார் அக்கா. "படமா இருந்துட்டுப் போட்டும்." பிறகு சொன்னார்: "மகளுக்கு ஒண்ணு கேட்டேன்லா. அது வேண்டாம் தம்பி."

சரி என்றேன்.

அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் பெண்கள் படம் கேட்டால், தம்பிக்கு இப்போது வேலை அதிகம் என்று அவரே சொல்லிவிடுகிறார். அக்கா மகளுக்காக மிதித்து எடுத்தது என்னிடம்தான் இருக்கிறது. நான் செய்ததில் அதுதான் நல்லது. வெளியில் எடுத்து மாட்ட மனம் வரவில்லை.

படுத்து எடுத்துப் பழகிப் பார்த்தேன். நின்று மிதிப்பதுபோல வரவே இல்லை. இப்போதும் மிதித்துத்தான் எடுக்கிறேன். கதவைச் சாத்திக்கொள்கிறேன். அண்ணாச்சியைப் பார்க்கப் போனால் அவர் படத்தைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். அக்கா காப்பி கொண்டுவந்து தருகிறார். கொடுத்துவிட்டு, என் காலைப் பார்க்கிறார்.