அப்பா தடவிப் பார்த்த இன்ஜின்

கெட்டவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

அப்பாவின் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் எங்கள் மாசாய் ஊர் வீட்டுக்குப் பின்னால் வருடக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தது. சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணைத் தின்றது. பிறகு இடது காலுக்கு வந்தது. காலை எடுக்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள்.

"கால் போறதுக்குள்ள ஒரு தடவை அதுல பின்னால உக்காந்து, பெக்கான் நானாஸ்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போவணும்டா" என்றார். வேறெதையும் அவர் கேட்கவில்லை.

பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, நான் ஒருவனே அதைப் பிரித்து, கழுவி, மாட்டினேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான், கால்மேல் கால் போட்டு யோசனை சொல்வான். இன்ஜினுக்கு ஜப்பான்காரன் அடித்து அனுப்பிய அதே மங்கலான வெள்ளிப் பெயின்ட்தான் சரி என்றேன்.

"பெயின்டா? கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுடா. முகம் தெரியணும்லா."

"அப்பாகிட்ட கேப்போம்ண்ணே."

"அவருகிட்டயா? கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?"

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்! "பெரியவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். பாலிஷே போடு. வண்டியையும் அவனே ஓட்டட்டும், நீ ரொம்ப முறுக்குவே."

நகக்கண்ணெல்லாம் கிரீஸ் எனக்கு, ஓட்டப்போவது அவன்!

பாலிஷ் கடைச் சீன அங்கிள், இன்ஜினில் குத்தியிருந்த நம்பரைத் தொட்டு, "இனி மாவ் டுத்துப் கா?" என்றார். தேய்ந்து போகாமல் டேப் ஒட்டி மூடவா என்று கேட்கிறார். ரோட் டாக்ஸ் செத்துப்போன வண்டி, சோதனைக்குப் போகாமல் ரோட்டில் இறங்க முடியாது. அங்கே முதலில் பார்ப்பதே அந்த நம்பரைத்தான். எனக்கு நன்றாகத் தெரியும். கொண்டுபோகிறவன் அண்ணன், பாலிஷ் கேட்டவனும் அவன். படட்டும் அசிங்கம்.

"தா பாயா, அங்கிள்." மூட வேண்டாம், எல்லாவற்றையும் தேய்க்கட்டும்.

சோதனைக்குப் போன அண்ணன் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான். "அலமாக், இன்ஜின் நம்பரையே காணோமாம்! மறுபடி குத்தி வாங்க மாசக்கணக்கா ஆவுமாம். எனக்கு எப்படிடா தெரியும்?" நான் பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆஸ்பத்திரித் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. அதை நான் நினைக்கவே இல்லை.

சாயங்காலம் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் தன்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். இன்ஜினை மெதுவாகத் தடவினார். நம்பர் இருந்த இடத்தில் விரல் நின்றது.

"வழவழன்னு இருக்கே."

"அண்ணன் கேட்ட பாலிஷ்பா."

"அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஸ்பேனர் புடிக்கவே வராது அவனுக்கு" என்றார். "உனக்குத் தெரியும்லடா?"

அவர் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு நீ வராதே."

நான் போகவில்லை. திரும்பி வந்த அன்று, அரைக்காலோடு அவரைக் காரிலிருந்து தூக்கி இறக்கியவன் அண்ணன்தான்.