கோடு இறங்கிய இடம்

அன்று நான் கைதட்டியிருக்கக் கூடாது.

மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனை. டயாலிசிஸ் நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதை வரைந்து காட்ட யாரோ ஒரு பேராசிரியர் எழுதி இலவசமாகக் கொடுத்த சின்ன நிரலை எங்கள் புள்ளியியல் மென்பொருளில் சேர்க்க வேண்டும். நோயாளிகளின் தகவல் வைத்திருந்த அறைக் கணினியிலோ இணையம் கிடையாது. பென் டிரைவும் செருகக் கூடாது.

"சின்ன ஃபைல்தானே, என்ன ஆயிடப் போகுது?" என்று அறைப் பொறுப்பாளர் கோமதியிடம் எரிந்து விழுந்தேன்.

"பென் டிரைவ் விட மாட்டேன் மேடம். பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. நான் படிக்கிறேன், நீங்க டைப் பண்ணுங்க."

பிரிண்டோடு வந்தேன். கோமதி தன் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, அடைப்புக்குறி ஒன்றுகூட விடாமல் வாசித்தார். தட்டச்சு செய்ததை என் ஃபோல்டரில் சேமித்து ஓட்டினேன். திரையில் கோடு படிப்படியாக இறங்கியது.

"வந்துடுச்சு!" என்று கைதட்டினேன்.

"ஏன் மேடம் படி படியா எறங்குது?"

"யாராவது இறந்தா ஒரு படி இறங்கும்."

கோமதி திரையையே பார்த்தார். "எங்க அம்மாவும் இங்கதான் டயாலிசிஸ்ல இருந்து போயிட்டாங்க. இதுல அவங்க எந்தப் படி?"

பெயர்கள் நீக்கப்பட்ட தகவல். எந்தப் படி யாருடையது என்று எனக்கும் தெரியாது. தட்டிய கைகளை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் கோடு வந்ததும் முதலில் அதன் படிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.