இளையவள் என் மார்பில் இருந்த நாட்கள்

என் மனைவி செல்விக்கு முதலில் கால்தான் வீங்கியது. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், அதனால் இருக்கும் என்று நினைத்தோம். தேயிலை விலை விழுந்து, நான் வேலை பார்த்த ஃபேக்டரி மூடிக் கிடந்தது. அவள் மட்டும் ஏழாம் மாதத்திலும் இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு காலை, தலையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, கண்ணு மங்குதுங்க. இடப்பக்கத்துப் பிள்ளை நேத்திருந்து அசையவே இல்லீங்க."

தேவர்சோலையிலிருந்து ஜீப் பிடித்தோம். ஊட்டி போகும் மலைப்பாதையில் அவளுக்கு வலிப்பு வந்தது.

சூல்வலிப்பு (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு) என்றார் ஊட்டி ஆஸ்பத்திரி டாக்டரம்மா. உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். மூத்தவள் வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தாள். இளையவள் என் இரு கைக்குள் அடங்கினாள். செல்விக்கு நினைவு திரும்பவில்லை.

மூத்தவளின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அடக்கம் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "சட்டையைக் கழட்டுங்க. குழந்தைக்குச் சூடு வேணும்."

"நான் ஆம்பளையாச்சுங்களே, டாக்டர்."

"சூட்டுல ஆம்பளை பொம்பளை இல்லீங்க."

இளையவளை என் வெறும் மார்பில் படுக்க வைத்தார்கள். கங்காரு பராமரிப்பு (குழந்தையைத் தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பது) என்று அதற்குப் பெயர். சில சமயம் இளையவள் மூச்சு விட மறந்துவிடுவாள். பாதத்தைத் தேய்த்தால் மறுபடி மூச்சை இழுப்பாள். அதே வார்டில் பிள்ளை பெற்றிருந்த படுகர் இனப் பெண் ஒருவர், கேட்காமலே தன் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தார். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அது உள்ளே இறங்கியது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இரட்டைக் கர்ப்பம், இரத்தசோகை (உடலில் இரத்தம் குறைவது), இரத்த அழுத்தம், ஆஸ்பத்திரியின் தூரம் எல்லாம் சேர்ந்துகொண்டன என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். யாரையும் குறை சொல்லவில்லை. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், தலை வலித்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தயவுசெய்து நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

செல்விக்கு மெல்ல நினைவு திரும்பியது. மூத்தவள் இல்லை என்பதை டாக்டரம்மாதான் அவளிடம் சொன்னார். எழுந்து உட்காரும் தெம்பு வந்ததும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். இளையவளை அவள் மார்புக்கு மாற்றினேன். அவள் அதன் உச்சந்தலையைத் தடவினாள்.

"மூத்தவ எப்படிங்க இருந்தா?"

"உன்ற நெத்தி. உன்ற மூக்கு."

செல்வி அழுதாள். இளையவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்தேன். நாங்கள் வந்தபோது புல்லெல்லாம் பனி உறைந்திருந்தது. இப்போது நல்ல வெயில். இடையில் எத்தனை நாள் போனது என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை. என் மார்பு மட்டும் இன்னமும் மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.