முகமூடி கழற்றிய ஐந்து நிமிடம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கடலுக்கடியில் மூச்சுவிடும் காற்றுச் சிலிண்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நிறைந்ததா குறைந்ததா என்று சொல்லிவிடுவேன். குருநகரில் அரைச் சிலிண்டரை முழுதென்று என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் ஒருவரும் வென்றதில்லை. ஒற்றைத் தோணியில் தொடங்கி மூன்று படகு சேர்த்தது அப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டுத்தான்.

அறுபத்திரண்டு வயதிலும் கடலட்டைக்கு நானே சுழியோடினேன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு செத்துப்போனது. இரத்தத்தில் காற்றுக் குமிழி என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் இரும்பு அறைக்குள் கிடத்தி, கதவைப் பூட்டி, அழுத்தத்தை ஏற்றி, முகமூடியால் ஒட்சிசன் தந்தார்கள்.

துணைக்கு உள்ளே இருந்த ஆண் தாதி கொக்குவில்காரர். "முந்தி எப்பவாவது வலிப்பு வந்ததோ ஐயா? உங்கடை ஆக்களுக்கு?" என்று சம்பந்தம் பேச வந்தவர் போலத் துருவினார். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் ஆனதும் முகமூடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, முடிஞ்சுதோ?"

"இல்லை ஐயா. அஞ்சு நிமிசம் சும்மா காத்தை இழுங்கோ. பிறகு போடுவம்."

"நிறைஞ்ச சிலிண்டர்தானே வைச்சிருக்கிறியள்?"

"உதென்ன கேள்வி? இந்த அழுத்தத்திலை ஒட்சிசனை விடாமல் இழுத்தால் வலிப்பு வரும். அதுக்குத்தான் இடைவெளி."

ஒட்சிசனை மிச்சம் பிடிக்கிறவர் வேறென்ன சொல்வார்? இரண்டாம் தடவை கழற்றிவிட்டு அவர் குறிப்பெழுதத் திரும்பியதும், முகமூடியை எடுத்து நானே மாட்டிக்கொண்டேன். என் கால் எனக்குப் பெரிது.

கொஞ்ச நேரத்தில் கீழ்ச் சொண்டு தானாகத் துடித்தது. பல்லால் கடித்தேன், அடங்கவில்லை. காதுக்குள் படகு எஞ்சின் போல இரைந்தது. திரும்பியவர் பாய்ந்து முகமூடியைப் பறித்தார்.

"விசரோ ஐயா உங்களுக்கு? சொண்டு துடிச்சால் அடுத்தது வலிப்பு! பூட்டின அறைக்குள்ளை நான் தனிய உங்களை என்னெண்டு பிடிக்கிறது?"

முகமூடியை எனக்கு எட்டாத பக்கம் வைத்தார். நான் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். சொண்டு ஓயும்வரை வெறும் காற்றை இழுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து, இரும்பு அறையின் வட்டக் கண்ணாடிக்கு வெளியே தொங்கிய மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"தம்பி, நேரம் வந்திட்டுது. கழட்டும்."

"இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு, ஐயா."

"உங்கடை மணிக்கூடு பிந்துது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஐந்தாம் நாள் என் கால் பெருவிரல் அசைந்ததை அவர்தான் முதலில் கண்டார். நான் அப்போதும் மணிக்கூட்டின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.