மூன்றாவது தடவைதான் திரும்பினேன்

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தால் ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் ஆள் நான். நீங்களும் மாட்டிக்கொள்ளலாம், கோபப்பட மாட்டேன், ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், ஆபரேஷன் தியேட்டருக்குள்.

சொந்த ஊர் சங்கரன்கோவில், வேலை வெளியூர் ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து டெக்னீஷியன். இதய ஆபரேஷன் நடக்கும் குழந்தைகளின் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்போம். வென்டிலேட்டர் தரும் மூச்சுக்கு மூச்சு ரத்த ஓட்டம் ரொம்ப ஏறி இறங்கினால் உடம்பில் நீர் பற்றவில்லை என்று அர்த்தம். இதைப் பற்றியே பேசி கேன்டீனில் எல்லோரையும் அறுப்பேன், அவ்வளவு பைத்தியம்.

அன்று கோமதிசங்கர், ஆறு வயது, எங்கள் ஊர்ப் பையன். காலையில் "வலிக்குமாக்கா?" என்று கேட்டவன். மார்பை மூடியதும் ஓர் அளவு எடுத்தேன், நன்றாக இருந்தது. கால் மணி கழித்து இன்னொன்று எடுக்கணும். மறுநாள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா, மூன்று மணி பஸ்ஸை விட்டால் உட்கார இடம் கிடைக்காது. கருவியை வைக்காமலே பழைய எண்ணைத் தாளில் திரும்ப எழுதிவிட்டேன்.

"தண்ணி தவிக்குக்கா."

அவன் குரல். வாயில் குழாய், முழு மயக்கம். எனக்குத்தான் ராத்திரித் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கையுறையைக் கழற்றும்போது மறுபடியும். கதவில் கை வைத்தபோது மூன்றாவது தடவை, காதுக்குப் பக்கத்தில். யாரும் தலை தூக்கவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஓடிப்போய்க் கருவியை அவன் கழுத்தில் வைத்தேன். திரையில் ஓட்டம் தாறுமாறாக ஏறி இறங்கியது.

"சார், நீர் பத்தல!"

"இப்பத்தானம்மா நல்லாருக்குன்னு எழுதுன?"

"சந்தேகமா இருந்துச்சு, திரும்பப் பாத்தேன் சார்."

நீர் ஏற்றினார்கள், இறங்கத் தொடங்கியிருந்த பிரஷர் மறுபடி ஏறியது. "கெட்டிக்காரிம்மா நீ" என்றார் டாக்டர். சிரித்து வாங்கிக்கொண்டேன். குரலைப் பற்றியும் சொல்லவில்லை, பொய் எண்ணைப் பற்றியும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கோயில் வாசலில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளையக் காப்பாத்துன தாயி! ஏலே, அக்காக்குக் கோயில் புத்துமண்ணுப் பிரசாதம் பூசிவிடு."

குனிந்தேன். நெற்றியில் பூசிக்கொண்டே என் காதோடு கேட்டான்:

"மூணு தடவ கூப்பிட்டேம்லா. மொத ரெண்டு தடவ ஏன்க்கா திரும்பல?"

"என்னல ரகசியம்?" என்றார் அம்மா.

"சும்மாம்மா" என்று சிரித்தான்.

அந்தத் தாளில் ஒரே எண் இரண்டு வரியில் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் அளவெடுத்து முடித்தபின்னும் கதவருகே கொஞ்ச நேரம் நிற்கிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.