மெல்லப் பேசும் டீச்சர்

பதினாறு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர் அவர். எல்லோருக்கும் டீச்சர். காருக்கு முன்னால் அவர் வாய் போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். "கண்ணாடி பல்லு பாக்க இல்ல, பின்னாடி பாக்க" என்பதுதான் முதல் நாள் பாடம். திட்டு வாங்கியவர்களே தங்கையையும் மருமகளையும் அவரிடம் அனுப்பிவைத்தார்கள். ஆனால் தெருமுனையில் புதிதாகத் திறந்த டிரைவிங் ஸ்கூல், வருகிற ஆட்களை வழியிலேயே மடக்கிக்கொண்டது.

தம்பி மனைவிதான் யோசனை சொன்னாள். நிறுத்தியிருந்த காரில் டீச்சரை உட்காரவைத்து, போனை டாஷ்போர்டில் ஒட்டிப் படம் பிடித்தாள். கார் நகராததால் டீச்சருக்குக் கோபம் வரக் காரணமே இல்லை. "பதறாதீங்க, மூச்ச இழுத்து விடுங்க" என்று தேன் ஒழுகப் பேசினார். வீடியோவைப் போடத் தொடங்கிய இணையப் பக்கத்துக்கு 'மெல்லப் பேசும் டீச்சர்' என்று பெயர் வைத்தாள். மூன்றே நாளில் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். டீச்சரின் கணவர் நான்கு முறை பார்த்துவிட்டு, யார் இந்தம்மா என்று கேட்டார்.

அந்த வீடியோவை நம்பி வந்தவள் ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும். இரண்டு முறை டெஸ்டில் தோற்றவள். டீச்சர் திட்டமாட்டார் என்பதற்காகவே வந்ததாகச் சொன்னாள்.

டீச்சர் வாயைக் கட்டினார். "கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினா நல்லா இருக்கும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரம் நடைபாதையில் ஏறப் பார்க்கும். மரியாதையான வாக்கியம் ஓடும் காருக்கு ரொம்ப நீளம். மிச்சத்தை, பயிற்சிக் காரில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கால் டீச்சர் முடித்துவைப்பார். வண்டி அழகாக நிற்கிறது, கை வந்துவிட்டது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

டெஸ்டுக்கு ஐந்து நாள் இருந்தபோது, குப்பை லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. வழக்கம்போல் டீச்சரின் கால் பிரேக்குக்குப் போனது. இவள் இதுவரை ஒரு தடவைகூடத் தானாக நிறுத்தியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிதிக்காமல், காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பிரேக்குடி! கால் என்ன வாடகைக்கு எடுத்ததா?"

நர்ஸ் மிதித்தாள். லாரிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. இத்தனை நாளும் பிரேக் போட்டது யார் என்பதை டீச்சர் அங்கேயே சொல்லிவிட்டார்.

"அப்ப நான் ஓட்டவே இல்லையா?"

"பாதி ஓட்டின."

நர்ஸ் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். "இனிமே திட்டுங்க டீச்சர். லாரி வர்றதுக்கு முன்னாடியே திட்டுங்க."

பாக்கி நாட்களில் டீச்சர் காலை மடக்கி வைத்துக்கொண்டார். வாய் மட்டும் வேலை செய்தது. நர்ஸ் பாஸானாள். ஓடும் காரில், அவளையே ஓட்டவைத்து, திட்டோடு சேர்த்துப் புது வீடியோ எடுக்கச் சொன்னார் டீச்சர். பக்கம் படுத்துவிடும் அண்ணி என்று தம்பி மனைவி கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் பக்கத்தின் பெயரில் 'மெல்லப் பேசும்' போய், 'டீச்சர்' மட்டும் நின்றது. எண்ணூறு பேர் விலகிப் போனார்கள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பெண் நின்றாள். புது வீடியோவைப் பார்த்து வந்தாளாம். டீச்சர் அவள் காலைப் பார்த்தார்.

"ஹீல்ஸ் போட்டுட்டுப் பிரேக்கத் தேடப்போறியா? போய் மாத்திட்டு வா."

அவள் மாற்றிக்கொண்டு வந்தாள்.